தலையீற்றுக்குக் காத்திருக்கும் சிறு நாய்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

நாய்களின் பருவகாலத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்த வாசகர்கள் பலர், தங்கள் வீட்டுச் சிறு நாய் முதன்முறையாகச் சினைப்பட்டிருப்பதாகவும், வீட்டிலேயே குட்டி ஈனுவதற்கு என்னென்ன ஆயத்தங்கள் செய்ய வேண்டும் என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கும்பகோணம் வாசகி: டாக்டர் அம்மா, எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்கு இரண்டு வயது, எடை 5 கிலோ. இணைசேர்த்து 35 நாட்கள் ஆகின்றன. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதைப் போலக் கால்சியம் டானிக்கும், தினமும் இரண்டு டம்ளர் பாலும் கொடுக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். எங்கள் வீட்டில் சைவ உணவுதான். தயிர்சாதமும் பருப்புசாதமும் சாப்பிட்டே அவள் வளர்ந்தாள். நாங்கள் எதை மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் மாமியாரின் பரிவு எனக்குப் புரிகிறது. ஆனாலும் கால்சியம் டானிக்கை இன்றே நிறுத்திவிடுங்கள். நாய் வளர்க்கும் வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளுள் நான் மிக அதிகமாகக் காண்பது இதுதான். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது எலும்பிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் செய்கின்றன. சினைக்காலம் முழுவதும் வெளியிலிருந்து கால்சியத்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்தச் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. குட்டிகள் பிறந்து, பால் திடீரெனப் பெருகி, கால்சியம் மளமளவென வெளியேறும் வாரங்களில் அவற்றால் ஈடுகொடுக்க முடியாமல், தாய்க்கு உயிருக்கே ஆபத்தான வலிப்பு வந்துவிடுகிறது. சிறு இன நாய்களுக்கே இந்த ஆபத்து அதிகம் என்பதால், உங்கள் நாய்க்கு இது இருமடங்கு பொருந்தும்.

உணவில்தான் மாற்றம் தேவைப்படுகிறது. முதல் ஐந்து வாரங்களுக்கு வழக்கமான அளவே போதும்; மூன்றாம், நான்காம் வாரங்களில் ஓரிரு நாட்கள் பசி மந்தித்தாலும் கவலைப்பட வேண்டாம். நீங்கள் இப்போது ஆறாம் வாரத்துக்குள் நுழைகிறீர்கள். இனி வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போய், ஈனும் வாரத்தில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 25 முதல் 50 விழுக்காடு வரை அதிகமாக உண்ணும்படி செய்யுங்கள். வயிற்றில் குட்டிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஒரே வேளையில் அவளால் நிறையச் சாப்பிட முடியாது. நாளுக்கு மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தயிர்சாதத்தில் உள்ள புரதமும் கொழுப்பும் ஒரு சினை நாய்க்குப் போதவே போதாது. சைவ வீட்டில் இறைச்சி சமைப்பது இயலாதென்றால், வளரும் குட்டிகளுக்கென விற்கப்படும் தரமான உலர் உணவைப் பத்து நாட்களில் படிப்படியாகப் பழக்குங்கள். குட்டிகளுக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரசும் உரிய விகிதத்தில் அதிலேயே இருக்கின்றன. வெங்காயம் சேர்ந்த சாம்பார்சாதம் எந்த நாய்க்கும் ஆகாது. வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது.

ஒரு சிறு விளக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தவை. உண்மையான பொமரேனியன் மூன்று கிலோவைத் தாண்டுவது அரிது. உங்கள் நாய் 5 கிலோ என்பதால் அநேகமாக ஸ்பிட்ஸாகவே இருக்கும். ஈற்றைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி. மிகச் சிறிய நாய்களுக்குக் குட்டியின் தலை இடுப்பெலும்பின் வழியில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு இதைவிட அதிகம்.

இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் சென்று, ஸ்கேன் மூலம் சினையை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தாயின் உடலில் உறங்கிக்கிடக்கும் உருளைப்புழுக்கள் சினையின் பிற்பகுதியில் விழித்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வழியாகவே குட்டிகளுக்குள் புகுந்துவிடும். கொக்கிப்புழுக்கள் பால் வழியாகப் போய்ச் சேரும். ஆகவே 40-ஆம் நாளிலிருந்து கொடுக்கத்தக்க, சினைக்குப் பாதுகாப்பான குடற்புழு மருந்தைப் பற்றி அவரிடமே கேளுங்கள். காய்ச்சல், வலி, இருமல் என்று எதற்காகவும் வீட்டிலுள்ள மனிதர் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகள் கருவிலுள்ள குட்டிகளின் எலும்பையும் பல்லையும் பாதிக்கக்கூடியவை. தடுப்பூசி ஏதேனும் விடுபட்டிருந்தால் அதையும் நீங்களாகப் போட்டுவிட வேண்டாம். சினைக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை அது.

மதுரை வாசகர்: எங்கள் டாஷ்ஹண்டுக்கு இன்னும் மூன்று வாரங்களில் குட்டி பிறக்கும் என்கிறார்கள். மாடியறையில் தனியாக விட வேண்டும் என்று அப்பா சொல்கிறார். மாடிப்படிக்கு அடியில் போதும் என்பது என் எண்ணம். எந்த இடம் சரியானது? அங்கே என்னென்ன வைக்க வேண்டும்?

பதில்: ஆள் நடமாட்டம் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் அழைத்தால் கேட்கும் தொலைவிலும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யார் இரவில் அவளருகே படுக்கப்போகிறாரோ, அவருடைய அறையின் ஒரு மூலையே சிறந்த இடம் என்பது என் கருத்து. மாடியறை கோடையில் அனலாய்க் கொதிக்கும். அதோடு, நீண்ட முதுகுடைய டாஷ்ஹண்ட் நிறைந்த வயிற்றோடு படி ஏறி இறங்குவது அதன் முதுகெலும்புக்கும் நல்லதன்று. மாடிப்படிக்கு அடியில் காற்றோட்டம் இருக்குமானால் உங்கள் யோசனை அப்பாவின் யோசனையைவிட மேலானது.

ஈற்றுப்பெட்டியைப் பெரிய செலவில்லாமல் செய்துவிடலாம். தாய் கால்களை நீட்டிப் பக்கவாட்டில் படுத்த பின்னும் குட்டிகளுக்கு இடம் மிஞ்ச வேண்டும்; உங்கள் நாய்க்கு மூன்றடி நீளமும் இரண்டரை அடி அகலமும் போதும். பிளைவுட் பலகையில் தச்சரிடம் சொல்லிச் செய்யலாம். தொலைக்காட்சிப் பெட்டி வந்த உறுதியான அட்டைப்பெட்டியைக்கூடப் பயன்படுத்தலாம். பக்கச்சுவர் ஓரடி உயரம் இருக்கட்டும். முன்புறத்தில் மட்டும், தாய் மடியை உரசாமல் தாண்டும் அளவுக்கு நான்கு அங்குலத்துக்குத் தாழ்த்தி வெட்டிவிடுங்கள். உட்சுவரை ஒட்டித் தரையிலிருந்து மூன்று அங்குல உயரத்தில் ஒரு பிவிசி குழாயைச் சுற்றிலும் பொருத்துங்கள். தலையீற்றுத் தாய்க்குத் தன் உடம்புக்கடியில் குட்டி இருக்கிறது என்பது பல சமயங்களில் தெரியாது. சுவருக்கும் அவளது முதுகுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட குட்டி நசுங்காமல் தப்பிக்க அந்தக் குழாயின் அடியிலுள்ள இடைவெளியே வழி.

அடியில் செய்தித்தாள்களை அடுக்கி, மேலே பழைய பருத்தி வேட்டியை இழுத்து மடித்து விரியுங்கள். நூல் பிரிந்த துணியும், கம்பளியின் தொங்கும் இழைகளும் குட்டிகளின் கால்களிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஊரில் இன்னோர் எதிரி எறும்பு. ஈனும்போது வடியும் நீரின் வாடைக்கு எறும்புகள் சாரைசாரையாக வந்து, கண் திறக்காத குட்டிகளைக் கடித்தே கொன்றுவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எறும்புப் பொடியோ சாக்பீஸோ போட்டால் அந்த நஞ்சைத் தாய் நக்கிவிடுவாள். பெட்டிக்கு நான்கு கால்கள் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துவதே பாதுகாப்பான வழி. கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாக வலை கட்டுங்கள். தரையைக் கடுமையான பினாயில் கொண்டு கழுவாதீர்கள்.

பெட்டியை இன்றைக்கே வைத்துவிடுங்கள். குறைந்தது பத்து நாட்களாவது அவள் அதில் உறங்கிப் பழகினால்தான் தன் இடமாக ஏற்றுக்கொள்வாள். இல்லையென்றால் கடைசி நேரத்தில் உங்கள் கட்டிலுக்கடியிலோ துணி அலமாரியிலோ ஈன்றுவிடுவாள். இந்த மூன்று வாரங்களும், ஈன்ற பிறகு மூன்று வாரங்களும் மற்ற நாய்களோடு பழகவிட வேண்டாம். பெரிய நாய்க்கு வெறும் சளியாகத் தெரியும் ஹெர்பீஸ் வைரஸ் பிறந்த குட்டிகளைக் கூட்டத்தோடு வாரிக்கொண்டு போய்விடும்.

கையருகே ஒரு கூடையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு, பத்துப் பதினைந்து சுத்தமான பழைய துண்டுகள், கொதிநீரில் போட்டெடுத்த கத்தரிக்கோல், தடித்த தையல் நூல், போவிடோன் அயோடின் கரைசல், கையுறை, டார்ச் விளக்கு, நாய்க்குட்டிகளுக்கான பால்பவுடர், ஒரு குறிப்பேடு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, நள்ளிரவில் அழைத்தாலும் வரக்கூடிய அல்லது திறந்திருக்கக்கூடிய மருத்துவமனை எது, அதுவரை போக வண்டி எது, ஓட்டுபவர் யார் என்ற மூன்றையும் முன்கூட்டியே முடிவு செய்து, பகலில் ஒருமுறை அந்த வழியில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்த மருத்துவமனைகளில் நாய்களுக்கும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. அந்தப் பக்கத்து வாசகர்கள் இரவு நேர ஏற்பாட்டை முன்னதாகவே அங்கு விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

திருநெல்வேலி வாசகி: எந்த நாளில் ஈனும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒருவர் 58 நாள் என்கிறார், இன்னொருவர் 68 நாள் என்கிறார்.

பதில்: இருவர் சொல்வதும் பொய்யில்லை. கருமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான். ஆனால் ஆணின் விந்தணுக்கள் பெண்ணின் உடலில் பல நாட்கள் உயிரோடு காத்திருக்கக்கூடியவை என்பதால், இணைசேர்த்த நாளை வைத்து எண்ணும்போது கணக்கு முன்பின்னாக மாறுகிறது. அதனால்தான் நாட்காட்டியைவிடத் தெர்மாமீட்டரை நம்பச் சொல்கிறேன்.

57-ஆம் நாளிலிருந்து காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் ஆசனவாயில் வெப்பநிலையை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். வழக்கமாக 100 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பது, சினையைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் சுரப்பு சரிந்தவுடன் 99-க்குக் கீழே இறங்கும். சிறு நாய்களில் இன்னும் கீழேயும் போகலாம். அந்த இறக்கத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ஈற்று தொடங்கிவிடும். இறக்கம் சில மணி நேரமே நீடிப்பதால்தான் மூன்று வேளை என்கிறேன். ஒரே வேளை எடுத்தால் தவறவிட்டுவிடுவீர்கள். இறங்கி ஒரு முழு நாள் கடந்தும் எந்த அறிகுறியும் இல்லையென்றால் மருத்துவரை அழையுங்கள்.

55-ஆம் நாளுக்குப் பிறகு ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொள்வதையும் வற்புறுத்திச் சொல்கிறேன். அதற்குள் குட்டிகளின் எலும்புகள் கெட்டிப்பட்டிருப்பதால் மண்டையோடுகளை எண்ணி, எத்தனை குட்டிகள் என்று சொல்லிவிடலாம். உள்ளே எத்தனை என்று தெரிந்தவருக்குத்தான் ஈற்று முடிந்துவிட்டதா, நின்றுபோய்விட்டதா என்பதும் தெரியும்.

திருச்சி வாசகர்: ஈனும் நேரத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது? எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் ஓட வேண்டும்?

பதில்: முதல் கட்டத்தில் உங்களுக்கு வேலையே இல்லை, பொறுமைதான் தேவை. கருப்பையின் வாய் திறந்துகொண்டிருக்கும் அந்த 6 முதல் 12 மணி நேரத்தில் அவள் இரைப்பாள், நடுங்குவாள், துணிகளைக் கிளறிக் குவிப்பாள், சாப்பிட மறுப்பாள், வாந்தியும் எடுக்கக்கூடும். தலையீற்றில் இது ஒரு நாள் வரைகூட நீளலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை எல்லாம் கூட்டி வேடிக்கை பார்க்க வைக்காதீர்கள். அச்சமும் இரைச்சலும் ஈற்றையே நிறுத்திவிடும். அவளுக்கு மிகவும் பழக்கமான ஒருவர் மட்டும் விளக்கைத் தணித்து, கைபேசியை ஒதுக்கி வைத்து, அருகில் அமர்ந்திருந்தால் போதும்.

அதன்பின் வயிற்றை இறுக்கி முக்கத் தொடங்குவாள். அந்த நிமிடத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். முதல் குட்டி பனிக்குடத்துக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு வெளிவரும். தாய் தானே பனிக்குடத்தைக் கிழித்து, குட்டியை நக்கி, தொப்புள்கொடியைக் கடித்து அறுப்பதே இயல்பு. ஆனால் தலையீற்றில் சில தாய்கள், என்ன நடந்தது என்று விளங்காமல் குட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு நிமிடம் கடந்தும் அவள் தொடவில்லை என்றால் நீங்கள் மூக்கருகே பனிக்குடத்தைக் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, துண்டால் முதுகையும் மார்பையும் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். குட்டி கீச்சிட்டுக் கத்தும் ஒலியைக் கேட்டதும் பெரும்பாலான தாய்களுக்குத் தாய்மை விழித்துக்கொள்ளும். உடனே அவள் முகத்தருகே வையுங்கள். குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசி ஆட்டும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது மூளையில் இரத்தக் கசிவை ஏற்படுத்தும்.

தொப்புள்கொடியை அவள் அறுக்காவிட்டால், வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நூலால் இறுகக் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி, முனையைப் போவிடோன் அயோடினில் நனைத்துவிடுங்கள். கொடியைக் குட்டியின் வயிற்றிலிருந்து வெளிப்புறமாக இழுத்தால் குடலிறக்கம் உண்டாகும். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி வெளிவர வேண்டும், எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அவள் ஒன்றிரண்டைத் தின்றால் தடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் தின்றால் வயிற்றுப்போக்கு வரும். குட்டி பின்கால்களோடு முதலில் வெளிவந்தாலும் பதறாதீர்கள். நாய்களில் பத்துக்கு நான்கு குட்டிகள் ஏறத்தாழ அப்படித்தான் பிறக்கின்றன.

இப்போது ஓட வேண்டிய நேரங்களைச் சொல்கிறேன். இந்தப் பத்தியை வெட்டிப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்துக்கொண்டாலும் நல்லதே. பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை என்றால் கிளம்புங்கள். குட்டியின் ஒரு பகுதி வெளியே தெரிந்து பத்து நிமிடங்களாகியும் நகரவில்லை என்றாலும் கிளம்புங்கள். இன்னும் குட்டி இருக்கிறது என்பது எக்ஸ்ரேயால் தெரிந்திருந்து, ஒரு குட்டிக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கடந்துவிட்டால் அதுவும் தாமதமே. முதல் குட்டி பிறப்பதற்கு முன்பாகவே கரும்பச்சை நீர் வடிந்தால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள். உள்ளேயுள்ள குட்டிக்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது. முதல் குட்டிக்குப் பிறகு அதே நிறம் வந்தால் அச்சமில்லை. சிவந்த இரத்தம் பெருகினாலும், அவள் தலைசாய்த்துத் துவண்டுவிட்டாலும் எதற்காகவும் காத்திருக்காதீர்கள். புறப்படும்போது, பிறந்துவிட்ட குட்டிகளைத் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியோடு ஒரு கூடையில் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

கோயம்புத்தூர் வாசகி: சென்ற ஆண்டு எங்கள் சிவாவாவுக்கு இரவில் வலி கண்டது. பக்கத்தில் இருந்த ஒருவர் ‘வலி ஊசி’ என்று இரண்டு முறை போட்டார். விடிவதற்குள் தாயும் இறந்தாள். வயிற்றில் இருந்த ஒரே குட்டியும் இறந்தது. நாங்கள் எங்கே தவறினோம் என்று இன்றுவரை தெரியவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன், அம்மா. பார்க்காத ஒன்றுக்குக் காரணம் இதுதான் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் சூழலில் இரண்டு ஆபத்துகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, ஒற்றைக் குட்டி. ஈற்றைத் தொடங்கி வைக்கும் சைகை குட்டிகளிடமிருந்தே வருகிறது. ஒரே குட்டி இருக்கும்போது அந்தச் சைகை வலுவில்லாமல் போய், நாள் தள்ளிக்கொண்டே போகும். உணவு முழுவதும் அதற்கே கிடைப்பதால் குட்டியும் பெரிதாகிவிடும். சிவாவா போன்ற பெரிய தலையும் குறுகிய இடுப்பும் கொண்ட இனத்தில் அந்தக் குட்டி இயல்பான வழியில் வெளிவருவது கடினம்.

இரண்டாவது, அந்த ஊசி. நீங்கள் ‘வலி ஊசி’ என்று கேட்டது பெரும்பாலும் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசினாக இருந்திருக்கும். கருப்பை தளர்ந்திருக்கிறது, வழி திறந்திருக்கிறது, குட்டி வெளிவரும் அளவில்தான் இருக்கிறது என்பதை மருத்துவர் சோதித்தறிந்த பிறகு, மிகச் சிறிய அளவில் கொடுக்க வேண்டிய மருந்து அது. அடைபட்ட வழியை நோக்கிக் கருப்பையை மேலும் மேலும் இறுகச் செய்தால் கருப்பை கிழியலாம். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து குட்டி மூச்சுத் திணறலாம். சோதிக்காமல் ஊசி போட வருபவர் யாராக இருந்தாலும் வாசகர்கள் மறுத்துவிடுங்கள்.

நீங்கள் தவறியதாக நான் நினைக்கவில்லை. அந்த இரவில் யாரை நம்ப முடிந்ததோ அவரை நம்பினீர்கள். சிவாவா, பக் போன்ற இனங்களை வளர்ப்பவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல விரும்புவது, எக்ஸ்ரேயில் ஒற்றைக் குட்டியோ மிகப் பெரிய தலையோ தெரிந்தால், சிசேரியனுக்கான நாளையே மருத்துவரோடு பேசிக் குறித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பகலில் திட்டமிட்டுச் செய்யும் அறுவையில் தாயும் குட்டியும் பிழைக்கும் வாய்ப்பு, நள்ளிரவில் களைத்துப்போன தாய்க்குச் செய்வதைக் காட்டிலும் மிகவும் அதிகம்.

சென்னை வாசகர்: மே மாதத்தில் குட்டிகள் பிறக்கப்போகின்றன. குளிர்சாதனம் போடலாமா? குட்டிகளுக்குச் சூடு வேண்டும் என்கிறார்களே? தாய்க்குப் பால் போதவில்லை என்றால் பசும்பால் கொடுக்கலாமா?

பதில்: பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் திறன் முதல் வாரத்தில் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் அறையே அதைத் தாண்டிவிடும் என்பதால், தாய் இரைத்து இரைத்துப் பெட்டியைவிட்டு வெளியே போய்ப் படுப்பாள். குட்டிகளும் நீர்ச்சத்தை இழக்கும். ஆகவே அறையை 27, 28 டிகிரிக்குக் குளிர்வித்து, காற்று பெட்டியின் மேல் நேரடியாக வீசாதபடி திருப்பிவிட்டு, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை வையுங்கள். குட்டிகள் தமக்கு வேண்டிய இடத்துக்குத் தாமே ஊர்ந்து போகும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் விலகிக் கிடந்து முனகினால் சூடு மிகுந்துவிட்டது. பக்கம் பக்கமாகப் படுத்து உறக்கத்திலேயே துள்ளித் துடித்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

பால் போதுகிறதா என்பதைத் தராசுதான் சொல்லும். சிறு இனக் குட்டி பெரும்பாலும் 100 முதல் 200 கிராமுக்குள் பிறக்கும். பிறந்தவுடன் எடை பார்த்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் தளர்வாக வேறு வேறு நிற நூலைக் கட்டி, இரண்டு வாரங்களுக்குத் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். முதல் நாளில் சிறிது குறையலாம். அதற்குப் பிறகு தினமும் ஏற வேண்டும். பத்து நாட்களில் பிறந்த எடையைப் போல இரு மடங்காக வேண்டும். ஒரு குட்டி ஒரு நாள் முழுவதும் ஏறாமல் நின்றாலே அதன்மேல் கண் வையுங்கள். பார்வைக்கு மெலிவு தெரியும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

முதல் 12 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பாலைக் குடித்தே ஆக வேண்டும். நோய்களை எதிர்க்கும் பொருட்கள் பெரும்பாலும் அந்தப் பாலின் வழியாகவே கிடைக்கின்றன. ஒரு நாளுக்குப் பிறகு குடலால் அவற்றை உறிஞ்ச முடியாது. பசும்பாலில் நாய்ப்பாலில் உள்ளதில் பாதியளவு புரதமும் கொழுப்பும்கூட இல்லை, சர்க்கரையோ அதிகம், வயிற்றுப்போக்கில்தான் முடியும். குட்டிகளுக்கென விற்கும் பால்பவுடரைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கைக்குழந்தைபோல் மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். உடல் சில்லிட்டிருக்கும் குட்டிக்கு முதலில் மெல்ல மெல்லச் சூடேற்றிவிட்டு, அதன் பின்னரே பால் கொடுக்க வேண்டும். குளிர்ந்த குடல் செரிக்காது.

தஞ்சாவூர் வாசகி: எங்கள் ஸ்பிட்ஸ் ஈன்று 18 நாட்கள். நான்கு குட்டிகள். இரண்டு நாட்களாக நிலைகொள்ளாமல் நடக்கிறாள், நேற்றிரவு கால்கள் விறைத்து நடுங்கின, பிறகு சரியாகிவிட்டது. பயந்துவிட்டாள் என்று வீட்டில் திருநீறு வைத்தார்கள்.

பதில்: உங்கள் கடிதம் கையில் கிடைத்ததும் ஆசிரியர் குழு வழியாக உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லச் செய்தேன், அன்று மாலையே மருத்துவரிடம் கொண்டுபோனீர்கள் என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். மற்ற வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன அந்தக் கால்சியம் வலிப்பின் தொடக்கம் இதுதான். குட்டிகள் பிறந்து இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குள், பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும்போது, பெரும்பாலும் சிறு தாய்களுக்கே வருகிறது. முதலில் நிலைகொள்ளாமை, இரைப்பு, முகத்தைத் தேய்த்துக்கொள்ளுதல். பிறகு மரக்கால்போல விறைத்த நடை, தசை நடுக்கம். அடுத்து வலிப்பும் கொதிக்கும் காய்ச்சலும். நடுக்கம் தானே நின்றுவிட்டாலும் அது விடுதலை அன்று. சில மணி நேரத்தில் திரும்பி வரும். குட்டிகளை உடனே பிரித்துப் பால்பவுடருக்கு மாற்றிவிட்டு, தாயை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அவர் இதயத் துடிப்பைக் கவனித்தபடியே இரத்தக்குழாயில் கால்சியத்தை மெதுவாக ஏற்றுவார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் அனுபவமில்லாத எவரும் தொடக்கூடாத சிகிச்சை இது. சிகிச்சைக்குப் பிறகு வாய்வழிக் கால்சியத்தை மருத்துவரே எழுதித் தருவார். சினையில் கூடாது என்று சொன்ன அதே மருந்து இப்போது தேவைப்படுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். பால் கொடுக்கும் காலத்தின் தேவை வேறு.

பால் கொடுக்கும் தாய் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்குக்கு மேலும் உண்ணக்கூடும். அவளுக்கு உணவை அளந்து வைக்காதீர்கள். மடியைத் தினமும் தொட்டுப் பாருங்கள். ஒரு காம்பு மட்டும் கல்லாய்க் கெட்டித்துச் சுட்டால் மடிநோய். ஈன்ற பின் பிறப்புறுப்பிலிருந்து வரும் கசிவு மூன்று, நான்கு வாரம் வரை இருப்பது இயல்பு, நாற்றமடித்தால் இயல்பன்று.

ஈரோடு வாசகர்: ‘உடம்புக்கு நல்லது, ஒருமுறையாவது குட்டி போடட்டும்’ என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை இல்லை. ஈன்றால் கிடைக்கும் உடல்நலம் என்று எதுவும் இல்லை. ஈனாத நாய் ஏங்குவதும் இல்லை. குட்டி தேவையில்லாத வீட்டில் கருத்தடை அறுவை செய்துவிடுவதே, பிற்காலத்தில் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் நோயிலிருந்து அவளைக் காக்கும். ஈனச் செய்யத்தான் வேண்டுமென்றால் முதல் பருவத்தில் வேண்டாம்; ஒன்றரை வயது நிறையட்டும். ஐந்து, ஆறு வயதுக்கு மேல் தலையீற்றைத் தொடங்கவும் வேண்டாம். பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் வீடு இருக்கிறதா என்பதை இணைசேர்ப்பதற்கு முன்பே எண்ணிப் பாருங்கள்.

கும்பகோணம் வாசகியின் துணைக் கேள்வி: குட்டிகளை எந்த வயதில் உறவினர்களுக்குக் கொடுக்கலாம்?

பதில்: எட்டு வாரம் நிறைந்த பிறகு கொடுங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதை 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் தடை செய்திருக்கின்றன. இலவசமாகக் கொடுப்பதானாலும் அதே வயதையே கடைப்பிடியுங்கள். கடிக்கும் அளவு எது, விளையாட்டு எது என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது உடன்பிறப்புகளோடு இருக்கும் அந்த வாரங்களில்தான். அதற்குள் இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கொரு முறை குடற்புழு மருந்தும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும். அந்தத் தேதிகளை எழுதிய சீட்டைக் குட்டியோடு கொடுத்தனுப்புங்கள். பெட்டியில் விரித்திருந்த வேட்டியிலிருந்து துவைக்காத ஒரு துண்டைக் கிழித்து அதையும் உடன் கொடுங்கள். தாயின் வாடை உள்ள அந்தத் துணியின்மேல் படுக்க வைத்தால், புது வீட்டின் முதல் இரவில் குட்டி கொஞ்சம் குறைவாக அழும்.